முதற் சம்பளமும் பெற்ற கடனும்

பட்டம் பெற்ற பிள்ளைக்கு முதல் உத்தியோகம் கிடைத்துவிட்டால் எங்கள் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று வாய்விட்டுக் கேட்கப்படுவது: "சம்பளம் எவ்வளவு?" மற்றது மனத்துக்குள்ளேயே நிற்பது: "அதில் எங்களுக்கு எவ்வளவு?" முதற் கேள்வியின் விடை அன்று மாலைக்குள் ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் தொலைபேசியில் போய்விடும். இரண்டாவது ஆண்டுக்கணக்கில் கேட்கப்படாமலே கிடந்து, ஒரு நாள் மனத்தாங்கலாக வெளிவரும். அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே இங்கு சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

கணக்கைப் பார்க்காமல் நியாயம் பேசுவது எளிது. ஆகவே முதலில் கணக்கைப் பார்ப்போம். லண்டனில் ஆண்டுக்கு 32,000 பவுண் சம்பளத்தில் சேரும் ஒரு பட்டதாரியை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்குப் பெரிய தொகை. இலங்கை ரூபாயில் பெருக்கிப் பார்ப்பவர்களுக்கு இன்னும் பெரியது. 2025–26 வரியாண்டு விதிகளின்படி 12,570 பவுணுக்கு மேற்பட்ட பகுதிக்கு 20 வீத வருமான வரியும் 8 வீதத் தேசியக் காப்புறுதியும் உண்டு. 2012 செப்ரெம்பருக்கும் 2023 யூலைக்கும் இடையில் இங்கிலாந்தில் படிக்கத் தொடங்கியவரானால் 28,470 பவுணுக்கு மேற்பட்ட பகுதியில் 9 வீதம் பல்கலைக்கழகக் கடனுக்குப் போகும். வேலைத்தல ஓய்வூதியத்துக்கும் ஒரு பங்கு. எல்லாம் கழிந்து மாதாமாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 2,100 பவுண்.

வேலைக்காகத் தனியே இருக்கும் பிள்ளை, நாலுபேர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கு 900 பவுண் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். இன்றைய லண்டனில் அது ஆடம்பரமான அறை அன்று. மின்சாரம், வாயு, கவுன்சில் வரி, இணையம் ஆகியவற்றின் பங்கு 130. புறநகரிலிருந்து நகர மையத்துக்குப் போய்வர மாதச் சீட்டு 200க்கு மேல். சாப்பாட்டுக்கு 250. இவ்வளவிலேயே 1,480 முடிந்துவிட்டது. உடுப்பு, தொலைபேசி, நண்பர் கலியாணம், பல்வலி எல்லாவற்றுக்குமாக மிஞ்சுவது 600 பவுண் அளவில்.

அமெரிக்காவில் எலிசபெத் வாரனும் அவருடைய மகளும் 2005இல் எழுதிய ஒரு நூல், கைக்கு வரும் காசில் பாதி தேவைக்கு, 30 வீதம் விருப்பத்துக்கு, 20 வீதம் சேமிப்புக்கு என்று பிரித்துக் காட்டியது. இன்று இளையோர் பலரும் ஒப்புவிக்கும் விதி அது. நமது பட்டதாரிக்கோ அறையும் அதன் பில்களும் மட்டுமே அந்தப் பாதியை விழுங்கிவிடுகின்றன. பெரியவர்களின் கண் என்னவோ நாலு பவுண் கோப்பியிலேயே விழுகிறது. மாதம் இருபது கோப்பி 80 பவுண், வருடத்துக்கு 960. 450,000 பவுண் பெறுமதியான ஒரு சிறிய வீட்டுக்குப் பத்து வீத முற்பணம் 45,000. கோப்பியை விட்டே அதைச் சேர்ப்பதானால் 47 ஆண்டுகள் வாய் கட்டவேண்டும். சிக்கனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையின் ஒழுக்கத்தைக் கோப்பிக் கோப்பைக்குள் தேடுவது நியாயமன்று. காசு போகும் வழி வேறு.

பெற்றோர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. 1983 கலவரத்தின் பின்னர் இந்நாட்டுக்கு வந்தவர்களில் எத்தனையோ பேர் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்து பெற்ற முதற் சம்பளத்தைத் தம் காசு என்று எண்ணிப் பார்த்ததே இல்லை. ஏஜென்சிக்காரனுக்கு வாங்கிய வட்டிக் காசு, அக்காவின் சீதனம், தம்பியின் பயணம் என்று அது வருமுன்னரே பங்கு போடப்பட்டிருந்தது. பாரம் பெரிது. ஆயினும் அந்தப் பாரத்துக்கு ஓர் எண் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. ஊரிலிருந்து வந்த கடிதத்தில் இன்னதற்கு இவ்வளவு என்று எழுதியிருந்தது. சீட்டுப் போட்டவருக்கும் மாதக் கட்டு எவ்வளவு, எத்தனை மாதம் என்று தெரிந்திருந்தது. அக்கா கரையேறினாள், தம்பி வந்து சேர்ந்தான், கடன் முடிந்தது.

இன்றைய பிள்ளை, "அம்மா, நான் எவ்வளவு தரட்டும்?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கிறது? "உனக்கு விருப்பமானதைத் தா ராசா." பாசத்தில் வரும் பதில்தான். ஆனால் அதைக் கேட்ட பிள்ளை 150 கொடுத்தால் அம்மாவின் முகம் வாடுகிறது. 500 கொடுத்தால் மாதக் கடைசியில் கடன் அட்டையில் சாப்பிடுகிறது. எண் இல்லாத கடமையைச் செய்து முடித்தோம் என்று எவராலும் சொல்ல முடியாது.

தமிழில் கடன் என்ற ஒரே சொல் வாங்கிய காசையும் குறிக்கிறது, செய்யவேண்டிய கடமையையும் குறிக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. பல்கலைக்கழகக் கடனைப் பாருங்கள்: எந்த வருமானத்துக்கு மேல், எத்தனை வீதம், எத்தனை ஆண்டில் அழியும் என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 2023 ஓகஸ்டிலிருந்து படிக்கத் தொடங்கியவர்களுக்கு எல்லை 25,000 ஆகவும், காலம் 30இலிருந்து 40 ஆண்டாகவும் மாறிற்று. அதுவும் எழுத்தில் இருக்கிறது. பெற்று வளர்த்த கடனுக்கு வீதமும் இல்லை, முடிவாண்டும் இல்லை. அப்படியானால் அது திருப்பிக் கட்டவேண்டிய கடனா?

புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் கடன்களை வரிசைப்படுத்துகிறார். தாய்க்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, இறுதியில் மகனுக்கு ஒன்று. மகனுக்கு அவர் வைத்த கடன் தாய்க்குத் திருப்பிக் கொடுப்பது அன்று. போர்க்களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது. ஒவ்வொருவரின் கடனும் முன்னால் இருக்கும் வேலையை நோக்கியே நிற்கிறது. பெற்று வளர்த்தது தாயின் கடமை, அதற்கு விலைச்சீட்டு இல்லை என்று அப்பாட்டிலிருந்து நாம் விளங்கிக்கொள்கிறோம். வேறுவிதமாக விளக்குவோரும் இருக்கலாம்.

அதற்காகப் பிள்ளை ஒன்றும் தரவேண்டியதில்லை என்று முடித்துவிட முடியுமா? முடியாது, ஏனெனில் பெற்றோரின் இன்றைய தேவை வேறு சங்கதி. 2016 ஏப்ரலில் வந்த புதிய அரச ஓய்வூதியத்தை முழுமையாகப் பெறப் பொதுவாக 35 ஆண்டுத் தேசியக் காப்புறுதிப் பதிவு வேண்டும். நாற்பது வயதில் வந்து, சில காலம் அனுமதி இல்லாமலும் சில காலம் பதிவில்லாத வேலையிலும் கழித்தவருக்கு அது எப்படி வரும்? முழு ஓய்வூதியமே 2025–26இல் கிழமைக்கு 230.25 பவுண்தான். பல வீடுகளில் வாய்விட்டுச் சொல்லப்படாத உண்மை இதுவே: மகனின் சம்பளத்தைத் தகப்பன் தன் ஓய்வூதியமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வெட்கத்தினால் சொல்வதில்லை. மகனோ, அப்பாவிடம் சொந்த வீடு இருக்கிறது, குறை ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லிவிட்டால் வழியும் தெரியும். விடுபட்ட ஆண்டுகளுக்குத் தேசியக் காப்புறுதியைத் தாமாகக் கட்ட இடமுண்டு. வழக்கமாகக் கடந்த ஆறு ஆண்டுகளுக்கு. 2025–26 விகிதத்தில் ஓர் ஆண்டுக்கு 923 பவுண், அதாவது மாதம் 77. அந்த ஓர் ஆண்டு ஓய்வூதியத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கைக் கூட்டும். வருடத்துக்குச் சுமார் 342 பவுண், ஆயுள் முழுவதும். எல்லோருக்கும் இது பயன்படாது. பிள்ளைப் படி பெற்ற ஆண்டுகள் தாய்மாருக்கு ஏற்கெனவே கணக்கில் இருக்கக்கூடும். ஆகவே அரசாங்கத்தின் ஓய்வூதிய முன்கணிப்பை எடுத்துப் பார்த்த பின்னரே கட்டவேண்டும். என்ன செலவென்று தெரியாமல் மாதம் 200 கொடுத்துவரும் பிள்ளைக்கு, அம்மாவின் பெயரில் 77 பவுண் இப்படிச் சேருவது எவ்வளவோ மேல்.

வேறொன்றையும் கேள்விப்படுகிறோம். வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்காகச் சிலர் வேலைத்தல ஓய்வூதியத்திலிருந்து விலகிவிடுகிறார்களாம். விலகினால் தொழில்தருநர் போடும் குறைந்தது 3 வீதமும் போய்விடும். இன்று பெற்றோருக்கு நேர்ந்ததே நாற்பது ஆண்டுகளின் பின் இவர்களுக்கும் நேரும். திருவள்ளுவர் இல்வாழ்க்கை அதிகாரத்தில், ஒருவன் பேணவேண்டிய ஐவருள் தன்னையும் ஒருவனாக வைத்தார். கடைசியாக வைத்தார் என்பது உண்மை; விட்டுவிடவில்லை என்பதும் உண்மை.

பெற்றோருடனேயே இருக்கும் பிள்ளைக்கு 900 பவுண் அறை வாடகை மிச்சம். "பெற்ற வீட்டில் வாடகையா?" என்று கேட்போர் உண்டு. வாடகை என்ற சொல் கசந்தால் வீட்டுச் செலவு என்று சொல்லலாம், தொகைதான் முக்கியம். பிள்ளை தரும் காசை அதற்குத் தெரியாமல் சேர்த்துவைத்து, வீடு வாங்கும்போது திருப்பிக் கொடுக்கும் தாய்மாரும் இருக்கிறார்கள். போற்றத்தக்க அன்பு. ஆனால் இதைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டே செய்யலாமே என்பது நமது அபிப்பிராயம். சொன்னால் பிள்ளை அரசின் 25 வீத ஊக்கத்தொகை கிடைக்கும் ஆயுட்கால ஐசா கணக்கில் போட்டிருக்கும். வருடம் 4,000 போட்டால் 1,000 சேரும். அதைக் கொண்டு வாங்கும் வீடு 450,000க்கு மேற்படக் கூடாது என்பது லண்டன்காரருக்கு ஒரு தலையிடி.

பெண்பிள்ளைகள் விடயத்தில் நம்மவரிடையே இன்னும் ஓர் இரட்டை நியாயம் நிலவுகிறது. மகளிடம் காசு வாங்கக் கூடாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, அவளுடைய சம்பளத்தை அவளுடைய கலியாணத்துக்கென்று அவளைக் கேட்காமலே எழுதி வைத்துவிடுகிறோம். மகனிடம் கேட்காதது போலவே மகளிடமும் கேட்பதில்லை. அதில் மட்டும் சமத்துவம்.

முதற் சம்பளத்தில் அர்ச்சனை செய்வித்து, அம்மாவுக்குச் சேலையும் அப்பாவுக்கு வேட்டியும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் நல்ல வழக்கம். அந்தக் கிழமையே சம்பளத்தாளையும் வீட்டுப் பில்களையும் ஓய்வூதியக் கடிதங்களையும் ஒரே மேசையில் வைத்து, இரு பகுதியாரும் தத்தம் எண்ணைச் சொல்லிக் கதைப்பதும் வழக்கமாகட்டும். ஒரு மணித்தியாலம் போதும். ஏப்ரலில் வரியும் கவுன்சில் வரியும் மாறக்கூடும். அப்போது ஒருமுறை திரும்பவும் கதைக்க வேண்டிவரும்.