பேஸ் குரலின் ஜெபம்

பணி ஓய்வுக்குப் பிறகு சபைப் பாடகர் குழுவில் சேர்ந்தேன். ஆண்களின் தாழ்குரலான பேஸ் வரிசையில் நிறுத்தினார்கள். நாலைந்து சொற்களுக்கு ஒரே ஸ்வரம், பிறகு ஒரு படி இறக்கம். தனியாகப் பாடினால் எந்தப் பாட்டென்றே யாருக்கும் புரியாது. இது ஆராதனையாகுமா?

சபை ஒரே ராகத்தில் சேர்ந்து பாடுவதே சரி என்று 1939இல் வெளியிட்ட சிறு நூலில் எழுதினார் ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர். பகுதி பிரித்தால் தன் குரலைக் காட்டும் ஆசை நுழைந்துவிடும் என்று அஞ்சினார். அப்படிக் குரலைக் காட்டிக்கொள்ளும் பேஸ் பாடகர்களையும் சேர்த்தே கண்டித்தார். 1945இல் நாஜிகள் தூக்கிலிட்ட அந்த மனிதர்மேல் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனாலும் இதில் உடன்பட முடியவில்லை. மேல்குரலான சோப்ரானோ பாடும் பெண்கள் ராகத்தைப் பிடித்தால்தான் என் ஸ்வரத்துக்குப் பொருள் பிறக்கிறது. வாய் திறந்திருக்கும்போதே காதும் திறந்திருக்க வேண்டும். நீண்ட ஸ்வரங்களில் பக்கத்தில் நிற்பவரும் நானும் மாற்றி மாற்றி மூச்செடுக்கிறோம். அவர் எடுக்கையில் நான் தாங்குகிறேன்.