யாருக்கு முதலில்?



ஹிஜ்ரி 1443 ரமலான் பிறை 27, வெள்ளிக்கிழமை. ஆங்கிலக் கணக்கில் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் தேதி. அபிராமபுரத்திலுள்ள என் லாத்தா வீட்டுக்கு நோன்பு திறக்கச் சென்றிருந்தேன். முந்தைய இரவு விழித்திருந்து வணங்கிய களைப்பு எல்லார் முகத்திலும் தெரிந்தது. மஃரிபு தொழுத பின், லாத்தா தம்முடைய ஜகாத் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து அமர்ந்தார்கள்.

அன்று பகலில்தான் தமிழ்நாடு சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியிருந்தது. பொருளாதாரம் சரிந்து, எரிவாயுவுக்கும் பால் மாவுக்கும் நெடுவரிசையில் நின்றுகொண்டிருந்த இலங்கை மக்களுக்கு 80 கோடி ரூபாய் பெறுமான 40,000 டன் அரிசி, 28 கோடி ரூபாய்க்கு உயிர்காக்கும் மருந்துகள், 15 கோடி ரூபாய்க்கு 500 டன் பால் பவுடர், ஆக 123 கோடி ரூபாய்க்குப் பொருள்கள் அனுப்ப ஒன்றிய அரசு அனுமதிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானம்.

"தம்பி, இந்த வருஷ ஜகாத்தில் கொஞ்சத்தை இலங்கைக்குக் கொடுக்கலாமா?" என்று லாத்தா கேட்டார்கள்.

நான் வாய் திறக்குமுன் மச்சான் குறுக்கிட்டார். முப்பது ஆண்டுகள் கொழும்பில் வியாபாரம் செய்துவிட்டு வந்தவர். "ஜனாஸாவைக் கொளுத்தின நாட்டுக்கா? கொடுக்கிறதானால் இங்கே நம்ம ஏழைகளுக்குக் கொடு" என்றார். கொரோனா பரவிய 2020இல், அந்த நோயால் இறந்தவர்களை எந்த மதத்தவராயினும் எரித்தே தீரவேண்டும் என்று இலங்கை அரசு உத்தரவிட்டது. 2021 பிப்ரவரியில்தான் அது மாறியது. மச்சானுடைய பழைய கூட்டாளி ஒருவரின் தாயார் அந்த இடைக்காலத்தில் மௌத்தானார்கள். கபுரில்லாமல் போன தாயை நினைத்து அந்த மனிதர் தொலைபேசியில் அழுததை மச்சான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவருடைய கோபத்தை அற்பமென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

லாத்தாவின் கேள்விக்கு விடை சொல்வது எளிது. ஜகாத் பெற உரியவர்கள் எட்டு வகையினர் என்று அல்லாஹு தஆலா திருமறையில் (9:60) வரையறுத்துவிட்டான். அரசின் நிவாரணம் அந்த எட்டு வகையைப் பார்த்துப் பங்கிடப்படுவதன்று. முஸ்லிமல்லாதாருக்கு ஜகாத்திலிருந்து கொடுப்பதையும் நமது இமாம்கள் ஏற்கவில்லை. ஆகவே ஜகாத்தை அதற்குரிய இடத்தில் சேர்த்துவிட்டு, ஸதகாவிலிருந்து இலங்கைக்குக் கொடுக்கலாம் என்றேன். உபரியான தர்மத்துக்கு மதம் தடையாகாது. முஸ்லிமாகாத தம் உறவினருக்குக் கொடுக்கச் சிலர் தயங்கியபோதுதான் 2:272 வசனம் அருளப்பெற்றது என்பதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நேர்வழியில் சேர்ப்பது அல்லாஹ்வின் பொறுப்பு, அதற்காக நம் கையை மடக்கிக்கொள்ள வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து.

மச்சானுடைய பேச்சில் இரண்டு கேள்விகள் இருந்தன. அருகிலிருப்பவனை விட்டுத் தொலைவிலிருப்பவனுக்குக் கொடுப்பானேன்? நமக்குத் தீங்கு செய்தவன் பசித்தால் நாம் ஏன் கொடுக்க வேண்டும்? ஓர் அரசாங்கம் பிற நாடுகளுக்கு உதவியைப் பங்கிடும்போதும் இவ்விரண்டு கேள்விகளையும் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது.

முதல் கேள்வியை நம் ஃபிக்ஹு நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எடுத்து அலசிவிட்டன. ஓர் ஊர் ஜகாத் அந்த ஊர் ஏழைக்கே உரியது. உரியவர் இருக்கும்போது வெளியூருக்குக் கொண்டுபோவது கூடாது என்பது ஷாபிஈ மத்ஹபில் மேலோங்கிய கருத்து. ஹனபி மத்ஹபில் அது மக்ரூஹ். ஆனால் வெளியூரிலிருப்பவர் உறவினராகவோ, உள்ளூர்க்காரரைவிட அதிகத் தேவையுள்ளவராகவோ இருந்தால் அந்த மக்ரூஹும் இல்லை. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே நினைவுக்கு வருகிறது. உமர் (ரலி) அவர்களின் கிலாபத்தில் எமனிலிருந்து ஜகாத்தில் மூன்றிலொரு பங்கை முஆத் (ரலி) மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீஃபாவுக்கு மகிழ்ச்சி ஏற்படவில்லை. அவ்வூர்ச் செல்வரிடம் வாங்கி அவ்வூர் ஏழைக்குக் கொடுக்கத்தானே உம்மை அனுப்பினேன் என்று கடிந்துகொண்டார்கள். மறு ஆண்டு பாதியும், அதற்கடுத்த ஆண்டு முழுவதும் வந்து சேர்ந்தன. இங்கே வாங்குவதற்கு ஆளில்லை என்பதே முஆத் (ரலி) அளித்த விடை. இதனை அபூ உபைத் (ரஹ்) அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

எமனிலிருந்து ஜகாத் வெளியே வந்ததற்குக் காரணம், அங்கே தேவை தீர்ந்து போனதுதான். கலீஃபாவின் கண்டிப்பும் ஆளுநரின் விடையும் தேவை எங்கே இருக்கிறது என்ற ஒன்றையே சுற்றி வருகின்றன. அருகாமை நம் கண்ணை முதலில் திருப்பும். அது இயற்கை, குற்றமன்று. ஆனால் கண் போன இடத்தோடு கை நின்றுவிடக் கூடாது.

அரசாங்கங்களின் கை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இந்திய அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அயல்நாட்டு உதவிக்கென ஒதுக்கிய தொகைகளைப் பாருங்கள். பூடானுக்கு 2,150 கோடி ரூபாய், ஆப்கானிஸ்தானுக்கு 100 கோடி. பூடானின் மக்கள் எட்டு லட்சத்துக்கும் குறைவு. நாற்பதாண்டுப் போரில் சிதைந்த ஆப்கானிஸ்தானில் நான்கு கோடிப் பேர். பூடானுக்கான தொகையில் நீர்மின் திட்டம், சாலை போன்ற நீண்ட கால வேலைகள் அடங்கியிருக்கின்றன, அதைப் பசிக்கு இடும் உணவோடு அப்படியே ஒப்பிட முடியாது என்பதும் உண்மையே. இருந்தாலும் எல்லைப் பாதுகாப்பும் நட்புறவும்தான் இங்கே எடைக்கல்லாக இருக்கின்றன என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அரசாங்கம் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். அந்தப் பணம் நம்முடையது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஒரு கோடி அகதிகள் வந்தபோது, கடிதம் எழுதிய ஒவ்வொருவரும் 5 காசு அகதி நிவாரணத் தபால்தலை கூடுதலாக ஒட்டினோம். நம் வீட்டு மூதாட்டிகளுக்கு அது நினைவிருக்கும்.

இனி, தீங்கு செய்தவன் பசித்தால் என்ன செய்வது என்ற கேள்வி.

யமாமாவின் தலைவர் துமாமா இப்னு உஸால் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவிய பின் மக்காவுக்குச் சென்றார்கள். குறைஷிகள் ஏசியபோது, பெருமானார் (ஸல்) அவர்களின் அனுமதியின்றி யமாமாவிலிருந்து ஒரு தானிய மணியும் இனி உங்களுக்கு வராது என்று சொல்லி, அவ்வாறே நிறுத்தியும் விட்டார்கள். மக்காவில் பஞ்சம் தலைதூக்கியது. இந்தக் குறைஷிகள் யார்? பெருமானாரையும் அவர்களது குடும்பத்தாரையும் அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்றாண்டு ஒதுக்கி வைத்து, உணவு செல்லும் வழியை அடைத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் இப்போது உறவைச் சொல்லி மதீனாவுக்குக் கடிதம் எழுதினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பழைய கணக்கைப் புரட்டவில்லை. மன்னிப்புக் கேட்கும்படியோ, உடன்படிக்கை செய்யும்படியோ நிபந்தனை வைக்கவுமில்லை. தானியத்தை விட்டுவிடும்படி துமாமாவுக்கு எழுதினார்கள்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அது நபியுடைய மனசு" என்றார். நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

ஆனால் வேறொரு செய்தி அவரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த ஆண்டு மார்ச் 31இல் முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் டில்லியில் பிரதமரைச் சந்தித்து முதலில் கேட்டது, இலங்கைத் தமிழர்களுக்கு உதவி அனுப்பத்தான். வடக்கு, கிழக்கு, மலையகம் என்று தமிழர் வாழும் பகுதிகளே அப்போது பேச்சிலிருந்தன. செய்தியறிந்த இலங்கைத் தமிழ்த் தலைவர்கள், தமிழருக்கென்று பிரித்து அனுப்பாதீர்கள், அனைவருக்குமாக அனுப்புங்கள் என்று சொன்னார்கள். இதைச் சட்டமன்றத்தில் முதலமைச்சரே எடுத்துரைத்தார்.

முப்பதாண்டு உள்நாட்டுப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த சமூகம் அது. தமக்கென்று வருவதைத் தாமே மறித்து, சிங்களப் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சேர்த்துக் கேட்டிருக்கிறது. அதில் தர்மமும் உண்டு, விவேகமும் உண்டு என்று எனக்குப் படுகிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் மூட்டை இறங்கினால், அந்த மூட்டை தீர்ந்த பிறகும் பகை தீராது.

அவர்களுக்கு அனுபவம் இருந்தது. 1987 ஜூன் தொடக்கத்தில் இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருளுடன் புறப்பட்ட 19 படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. ஜூன் 4ஆம் தேதி இந்தியா ஐந்து சரக்கு விமானங்களில், போர் விமானங்களின் துணையோடு, ஏறத்தாழ 25 டன் பொருள்களை யாழ்ப்பாணத்தின் மீது போட்டது. யாழ்ப்பாணத்தின் பசிக்கு 25 டன் எம்மாத்திரம்? அது கொழும்புக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை என்பதே பலருடைய கணிப்பு. 2008இல் தமிழ்நாடு மக்களிடம் திரட்டிய பொருள்களைச் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக அனுப்பியது இதைவிட மேலான முறை.

யார் கையால் பங்கிடுவது என்பதும் சிறிய விஷயமன்று. தாலிபான் ஆட்சியை இந்தியா அங்கீகரிக்காத நிலையிலும், 2022 பிப்ரவரி 22ஆம் தேதி கோதுமை லாரிகள் அட்டாரி எல்லை வழியாகப் பாகிஸ்தானைக் கடந்து ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்டன. அவற்றைப் பங்கிட்டது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம். ஆள்பவனோடு பிணக்கு, ஆளப்படுபவனுக்குக் கோதுமை என்று பிரித்துப் பார்க்க முடியும் என்பதற்கு இது சாட்சி. காஸாவுக்காக 2023 அக்டோபரில் இந்திய விமானம் ஏற்றிச் சென்ற 6.5 டன் மருத்துவப் பொருளும் 32 டன் நிவாரணப் பொருளும் எகிப்தின் எல் அரீஷ் நகரில்தான் இறங்க முடிந்தது. கொடுக்க மனமிருந்தும் வாசலில் காவலிருந்தால் என்னாகும் என்பதை அதன் பின்னர் உலகமே கண்டது.

இலங்கைக்குப் போன முதல் கப்பல் 2022 மே 18இல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியும் பால் பவுடரும் மருந்தும் ஏற்றிப் புறப்பட்டது. மாநில அரசு தானாக அனுப்ப முடியாது. வெளிநாட்டு விவகாரம் ஒன்றிய அரசுக்குரியது. எனவே கொழும்பில் இந்தியத் தூதரே பொருள்களை இலங்கை அரசிடம் ஒப்படைத்தார். மச்சான் குறை சொன்ன அதே அரசாங்கத்தின் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. இந்த உறுத்தல் எனக்கும் உண்டு.

"பட்டியல் யார் எழுதுவது?" என்று மச்சான் அன்று கேட்டது இதனால்தான். அவர் மனத்தில் இருந்தது புத்தளம். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். 2009இல் போர் முடிந்து உதவி குவிந்தபோது இடம்பெயர்ந்தோரைப் பழையவர், புதியவர் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அண்மையில் வந்தவர்களுக்கு முதலிடம். வன்னியிலிருந்து குண்டுக்குத் தப்பி வந்தவர்களுக்கு அது நியாயமே. ஆனால் பத்தொன்பது ஆண்டு ஓலைக் குடிசையில் கிடந்தவர், ஏற்கனவே பழகிப் போனவர் என்ற ஒரே காரணத்தால் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். துன்பம் நீண்டதே அவருக்குத் தகுதிக் குறைவாகிவிட்டது.

ஹிஜ்ரி 18இல் வந்த சாம்பல் ஆண்டுப் பஞ்சத்தில் உமர் (ரலி) அவர்கள் வெளி மாகாணங்களுக்கு எழுதி தானியம் வரவழைத்து, மதீனாவில் பொதுப் பந்தி நடத்தினார்கள். நெய்யையும் இறைச்சியையும் தாம் விலக்கிக்கொண்டதை மிம்பர்களில் அடிக்கடி கேட்கிறோம். அதே வரலாற்றில் இன்னொரு செய்தி உண்டு. அதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஓர் இரவு, பந்தியில் உண்டவர்களை எண்ணச் சொன்ன கலீஃபா, பந்திக்கு வர முடியாமல் இருப்பிடத்திலேயே தங்கிவிட்ட நோயாளிகளையும் பிள்ளைகளையும் தனியே எண்ணச் சொன்னார்கள். வராதவர்களின் தொகை வந்தவர்களைப் போலப் பல மடங்காக இருந்தது. அவர்களுக்கும் உணவு போயிற்று.

சில நாட்களில் முதலமைச்சர் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டு அறிக்கை விட்டார். லாத்தா தம் ஸதகாவிலிருந்து ஒரு தொகையை நிவாரண நிதிக்கு அனுப்பினார்கள். மச்சான் அதில் சேரவில்லை. கொழும்பு அரசாங்கத்தை மன்னித்துவிட்டதாகவும் அவர் இன்றுவரை சொன்னதில்லை. பெருநாள் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், சட்டையைக்கூட மாற்றாமல், புத்தளத்திலுள்ள ஒரு பழைய நண்பரைத் தொலைபேசியில் அழைத்தார். ஸலாமும் பெருநாள் வாழ்த்தும் சொன்ன பிறகு, அந்த முடுக்கில் எத்தனை வீடு, அதில் சிங்களவர் வீடு எத்தனை, எத்தனை வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல, லாத்தா ஜகாத் நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.