தாத்தாவின் காரை விற்கலாமா?

மதுரைப் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும் என்று தேடிப் பிடித்த காலம் ஒன்று இருந்தது. கூரையை மடக்கிவிட்டு, பூச்சரம் சுற்றி, நாதஸ்வரமும் தவிலும் முன்னே செல்ல, ஊர் பார்க்க மாப்பிள்ளை அதில் வருவார். அப்படி ஒரு காரை ஆசையாக வாங்கி, ஆண்டுக்கணக்கில் தன் கையாலேயே துடைத்து வைத்திருந்த பெரியவர் படுக்கையில் விழுகிறார், அல்லது காலமாகிவிடுகிறார். வீட்டுக் கொட்டகையில் கார் நிற்கிறது. பிள்ளைகளுக்குப் பணம் தேவைப்படுகிறது. நல்ல விலைக்கு ஆள் இருப்பதாகப் புரோக்கர் சொல்கிறார். விற்பது சரியா?

இதற்கு விடை தேடும்போது, பெரியவர் உயிரோடு இருக்கும் நிலையையும் அவர் மறைந்த பிறகான நிலையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல வீடுகளில் சண்டை வருகிறது.

பெரியவர் உயிரோடு இருக்கும்வரை கார் அவருடையது. ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது. விற்கும்போது 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். நினைவு தடுமாறிப் போனவரின் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தெளிந்த மனநிலை இல்லாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. சட்டம் இருக்கட்டும். 'அவருக்கு இனி எதுவும் தெரியாது' என்ற துணிச்சலில் அவர் பொருளை எடுப்பது, எத்தனை நல்ல காரணம் சொன்னாலும், களவுதான். ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்க நேர்ந்தால் அதை அவரிடமே சொல்லிக் கேட்கலாம். பாதி நினைவோடு இருப்பவரிடமும், அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்து, மெதுவாகச் சொல்லலாம். வேண்டாம் என்று தலையசைத்தால் வேறு வழி தேட வேண்டும். அறவே தெளிவில்லை என்றால் நீதிமன்றத்தின் வழியாகப் பாதுகாவலர் பொறுப்பைப் பெற்று, அந்தப் பணத்தை அவருக்கே செலவிட வேண்டும். 'கவலைப்படுவார், சொல்லாமல் முடித்துவிடுவோம்' என்பது பெரும்பாலும் நம் சங்கடத்தைத் தவிர்க்கச் சொல்லும் சாக்கு.

அவர் மறைந்த பிறகு நிலை மாறுகிறது. இறந்தவரின் ஆசைக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது வாழ்கிறவர்களைக் கட்டிப்போடும் சங்கிலியாகிவிடக் கூடாது. 'இந்த வண்டியை மட்டும் கை மாற்றிவிடாதே' என்று சொல்லிவிட்டுப் போனவர், அதைக் காப்பாற்றும் வசதியையும் வைத்துவிட்டுப் போனாரா என்று கேட்பதில் தவறில்லை. பழைய காரை வைத்திருப்பது சும்மா நடக்கிற காரியம் அல்ல. மதுரை வெயிலில் துணிக்கூரை இற்றுப்போகும். பீடிங் ரப்பர் வெடிக்கும். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுபோனது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய எரிபொருள் குழாய்களின் ரப்பரை அது அரிக்கும். கிடைக்காத உதிரிபாகத்தை லேத் பட்டறையில் கடைந்துதான் வாங்க வேண்டும்.

கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுப் பராமரிக்கலாமே என்பார்கள். 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாத வாகனங்களுக்கு 2021 முதல் 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு தருகிறார்கள். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிவான காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விட முடியாது. ஆகவே செலவு முழுவதும் குடும்பத்தின் தலையில்தான் விழும்.

அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள், 'அப்பா ஞாபகம்' என்று சொல்லிக் காரைக் கொட்டகையில் எலி கடிக்கவும் துரு தின்னவும் விடுகிறார்கள். கடைசியில் எடைக்குக் காயலான் கடைக்குப் போகிறது. பெரியவர் நேசித்த பொருளுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை. ஓட்டத் தெரிந்த, பராமரிக்க ஆசையுள்ள ஒருவரிடம் விற்பது அதைவிட எவ்வளவோ மேல்.

யாருக்கு விற்கிறோம் என்பதிலும் அறம் இருக்கிறது. மதுரைக்காரர்களுக்குத் திருமலை நாயக்கர் மகாலின் கதை தெரியும். 1636-இல் கட்டிய அந்த அரண்மனையைப் பேரன் சொக்கநாத நாயக்கர் பிரித்தெடுத்து, தூணும் கல்லுமாகத் திருச்சிக்குக் கொண்டுபோனதாக வரலாறு சொல்கிறது. திருச்சியில் அதுபோன்ற மகால் எழவில்லை. மதுரையிலும் ஒரு பகுதிதான் மிஞ்சியது. அந்த மிச்சத்தையும் பின்னாளில் ஆளுநர் நேப்பியர் பழுது பார்க்க வேண்டியிருந்தது. பழைய காரைப் பாகம் பாகமாகக் கழற்றி விற்றால் சில சமயம் கூடுதல் பணம் கிடைக்கும். ஆனால் கழற்றிய பிறகு அந்தக் காரை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பத்தாயிரம் குறைந்தாலும் முழு வண்டியாக வாங்கி ஓட்டுகிறவருக்குக் கொடுப்பதே மேல். கோயம்புத்தூரின் ஜிடி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் காட்சிக்கு வைப்பார்களா என்றும் கேட்டுப் பார்க்கலாம். வாங்குகிறவரிடம் தரைத் தகட்டின் ஓட்டையையும் மாற்றிய எஞ்சினையும் மறைக்கக் கூடாது. பெரியவர் பேரைச் சொல்லி விலை கேட்கிறோம். அந்தப் பேருக்குப் பொய் ஒட்டக் கூடாது.

பணத்தைப் பிரிப்பது கடைசிக் கட்டம். தப்பு அதிகம் நடப்பதும் அங்கேதான். உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு உண்டு. காரும் சொத்துதான். 'நகைநட்டுப் போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு, அக்காவுக்கு இதில் என்ன' என்று சொல்லி அண்ணன் தம்பி மட்டும் பங்கு போட்டுக்கொள்வது இன்றும் நடக்கிறது. பின்னிருக்கையில் உட்கார்ந்து அப்பாவோடு ஊர் சுற்றிய மகளுக்கு அந்தக் காரில் பங்கு இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஒருவேளை அவரே வாங்கிக்கொள்ள விரும்பலாம். விலை பேசுவதற்கு முன் வீட்டாரில் யாருக்காவது வேண்டுமா என்று கேட்பது முதல் கடமை. இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் 31-ஆம் படிவத்தில் பெயர் மாற்ற விண்ணப்பித்தால், ஒளித்துச் செய்ய எதுவும் இருக்காது.

ஆகவே விற்பது பாவம் அல்ல. ஒளித்து விற்பதுதான் பாவம். உயிரோடு இருப்பவரைக் கேட்காமல் விற்காதீர்கள். மறைந்தவரின் பொருளைக் கூடப்பிறந்தவர்கள் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசி, உண்மையான விலைக்கு, ஓட்டிக் காப்பாற்றுகிறவருக்கு விற்றுவிடுங்கள்.