கழித்த எண்ணெயும் கழியாத வினையும்

தூய்மை என்பது யாது? அழுக்கை நீக்குதல் என்போம். நீக்கிய அழுக்கு எங்கே சென்றது என்று கேட்டால், நம்மில் பலர் விடையின்றி நிற்போம். இவ்வினா எனக்கு எழுந்தது திருச்சிராப்பள்ளியில் ஓர் இருசக்கர வாகனப் பட்டறையின் வாசலில்.

திருவரங்கத்திலிருந்து நாள்தோறும் காவிரிப் பாலம் கடந்து திருச்சிக்குச் சென்று வருபவன் நான். எஞ்சின் ஆயில் மாற்றுவதற்காக அடித்திருகைக் கழற்றியதும் கரிய எண்ணெய் ஒழுகிற்று. "இவ்வளவு கெட்டுவிட்டதே!" என்றேன். "கெடவில்லை ஐயா, தன் வேலையைச் செய்திருக்கிறது" என்றார் பட்டறைக்காரர்.

உண்மையே. எரிபொருள் எரிகையில் கரியும் அமிலங்களும் தோன்றுகின்றன. உராய்வினால் நுண்ணிய உலோகத் துகள்கள் உதிர்கின்றன. அவற்றை உட்சுவர்களில் படியவிடாமல் எண்ணெய் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அச்சுமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்குப் பின்னும் மாற்றாவிடில் கசடு படியும்; எண்ணெய் செல்லும் வழிகள் அடைபடும்; உறுப்புகள் தேயும். ஆகவே காலத்தில் மாற்றுதல் கடமை.

ஆனால் கடமை அத்துடன் முடிகிறதா? முன்னர் வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்றி, ஒரு லிட்டர் பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றியவன் நான். சிறிதளவுதானே என்பது அன்றைய சமாதானம். நீர்மேல் எண்ணெய் மெல்லிய ஆடையாய்ப் பரவுகிறது. காற்று நீருட் கலப்பதைத் தடுக்கிறது. மீன்களின் செவுள்களில் ஒட்டுகிறது. நகரின் ஊடே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்திலிருந்து வயல்களுக்கு நீர் தருவது. திருவரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவிலுள்ள தீவு. இங்கே ஊற்றுவது நீரைச் சேராமல் வேறெங்கே போகும்? சிற்றுயிர்க்கு ஊறு நேராதிருக்க நீரை வடிகட்டிப் பருகும் மரபில் வந்த கை, அந்நீரிலேயே நஞ்சை ஊற்றியது!

"பணம் கொடுத்தாயிற்று, இனிப் பட்டறையின் பொறுப்பு" எனலாமா? தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது நம் அறநெறி. கேளாமல் அகல்வதும் உடன்பாடே.

வழி இல்லாமலும் இல்லை. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் பற்றிய விதிகள், பயன்படுத்திய எண்ணெய் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர வேண்டும் என்கின்றன. அங்கே கசடு பிரிக்கப்பட்டு, எண்ணெய் மீண்டும் எண்ணெயாகிறது. அதன் அடிப்படை இயல்பு அழிவதில்லை. மாசு ஏறியிருந்தது, அவ்வளவே. உயிரின் இயல்பும் அவ்வாறன்றோ?

தன் அழுக்கைப் பிற உயிரின்மேல் தள்ளிப் பெறுவது தூய்மையன்று; அது இடமாற்றம். வினையை அவ்விதம் உதிர்க்க இயலாது. இனி ஆயில் மாற்றும்போது, பழையதைத் தண்ணீர் கலவாமல் மூடிய கலனில் சேர்த்து, அது எங்கே போகிறது என்று ஒரு சொல் கேட்டுவிட்டுக் கொடுப்போமாக. அந்த ஒரு சொல்லும் ஓர் அறமே.