ஒப்புதல் பற்றி

கைபேசியின் இயக்கமுறைக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது என்று திரை சொல்கிறது. ‘இப்போதே’, ‘பிறகு’ என்று இரண்டே பதில்கள். ‘வேண்டாம்’ என்பது கிடையாது. பாட்டரி நிற்குமா, இடம் போதுமா என்று இதைச் சௌகரியப் பிரச்னையாகப் பேசி முடித்துவிடலாம். எனக்கென்னவோ இது ஒப்புதல் பற்றிய கேள்வியாகவே படுகிறது. மறுக்க வழியில்லாத இடத்தில் தரும் சம்மதம் எந்த அளவுக்குச் சம்மதம்?

தஞ்சை ஜில்லா இதை ஒருமுறை பார்த்திருக்கிறது. 1960இல் இங்கு வந்த தீவிர விவசாயத் திட்டத்துக்குப் ‘பாக்கேஜ் திட்டம்’ என்றே பெயர். விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் ஒரே கட்டு. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஆடுதுறைப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. ஆனால் அந்தக் கட்டைப் பிரிக்க முடிந்தது. ஒரு மாவில் புதியதை நட்டுப் பார்க்கலாம். மிச்சத்தில் பழைய குறுவை. அடுத்தவன் வயலை வரப்பில் நின்று பார்க்கலாம். சரிப்படாவிட்டால் அடுத்த போகத்தில் திரும்பிவிடலாம். (குத்தகைக்காரனுக்கு இந்தச் சுதந்திரம் எவ்வளவு இருந்தது என்பது வேறு விஷயம்.) கைபேசியில் ஒரு மா என்று எதுவும் இல்லை. திரும்புவதும் இல்லை: புதிய பதிப்பு வந்து சில நாட்களில் ஆப்பிள் பழைய பதிப்புக்கான கையொப்பத்தை நிறுத்திவிடுகிறது. அதன்பின் பழையது கையில் இருந்தாலும் கருவி அதை ஏற்காது.

விவசாயியின் திரும்புதலையும் மிகைப்படுத்தக்கூடாது. குதிரில் விதை இருக்கும்வரைதான் அது. ஒவ்வொருவரும் தனித்தனியே, மாற்றிக்கொள்ளக்கூடிய முடிவைத்தான் எடுத்தார்கள். எல்லாரும் எடுத்து முடித்தபோது அது மாற்றமுடியாததாகிவிட்டிருந்தது. 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் பிற்காலத்தில் ஊர் ஊராகத் தேடித்தான் பாரம்பரிய ரகங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு கிலோ விதை வாங்கிப்போனவர் நான்கு கிலோவாகத் திருப்பித்தர வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. நான் திரும்பிவருவது, எனக்குத் தெரியாத யாரோ பழையதைப் பத்திரப்படுத்தியிருப்பதைப் பொறுத்தது.

அப்படியானால் ‘பிறகு’ என்பதையே அழுத்திக்கொண்டிருக்கலாமா? என் கருவி, என் இஷ்டம் என்கிற வாதம் 2017 மே மாதம் தோற்றது. வானாக்ரை என்ற நச்சுநிரல் நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே திருத்தம் கொடுத்திருந்தது. போடாத கணினிகள் வழியே அது அடுத்த கணினிக்குத் தாவியது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. வங்கிகளும் யோக்கியமில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்தது, ஏ.டி.எம். இயந்திரங்களை அதிலிருந்து மாற்றச் சொல்லி 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு விதிக்க வேண்டியிருந்தது. காத்திருப்பவனிடம் இன்னொரு நேர்மைக்குறைவும் உண்டு. முதலில் போட்டுக்கொண்டவர்களின் அவதியைப் பார்த்துவிட்டு அவன் பத்திரமாக இறங்குகிறான். அந்த அவதிக்கு அவன் எதுவும் தருவதில்லை.

ஆகவே ஓட்டையை அடைப்பது கடமை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கடமையைச் சொல்லி, நான் கேட்காத புதுமுகத்தையும் சேர்த்து விற்பதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. இரண்டும் பிரிக்கமுடியாதவை அல்ல. 2021 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 15 வந்தபோது, 14இலேயே இருந்துகொண்டு பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பெறலாம் என்றது ஆப்பிள். 2022 ஜனவரியில், அது தற்காலிக ஏற்பாடுதான் என்றது. முடியாததல்ல, வேண்டாததுதான் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

குடவாசலில் முதியோர் உதவித்தொகைக்கு வருகிற பாட்டிகளில் பலருக்கு எழுத்து தெரியாது. கைபேசி தெரியும். மேலிருந்து இரண்டாவது வரிசை, ஓரத்தில் மகள். அதற்குக் கீழே பேரன். அவர்களுக்கு இடம்தான் எழுத்து. புதிய பதிப்பு ஒரே இரவில் அரிச்சுவடியைக் கலைத்துவிடுகிறது. “என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கு, நீங்களே அமுக்கிக் குடுங்க சார்” என்று நீட்டுகிறார்கள். என் கருவியில் சட்டென்று அழுத்துகிற விரல் இங்கே தயங்குகிறது. உணவு இடைவேளை வரை இருக்கச் சொல்கிறேன். முதலில் எது எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டில் வரைந்துகொள்கிறேன். முடிந்தபின் மகளைத் தேடி எடுத்து, இரண்டாவது வரிசை ஓரத்தில் வைத்து, அவரையே ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.