நாளைக்கும் வலிக்கும்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் வெள்ளகோவில் பக்கத்தில் வயதானவர்களுக்குப் பொழுது இரண்டு தவணையாக விடியும். கோழி கூவினதும் கண் விழித்துக்கொள்ளும். கால் விழித்துக்கொள்ள இன்னும் அரைமணி நேரமாகும். அதுவரை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் குளிரைப் பற்றிச் சொன்னால் உதகமண்டலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். கரூருக்கும் காங்கேயத்துக்கும் நடுவில் கிடக்கும் வறண்ட பூமி இது. வருஷத்தில் பாதி நாள் வெயிலைத்தான் திட்டிக்கொண்டிருப்போம். ஆனாலும் மார்கழி, தை இரண்டு மாதத்துப் பனிக்கு முட்டிகள் பயப்படத்தான் செய்கின்றன.

குளிருக்கும் மூட்டு வலிக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா என்று மேல்நாட்டில் ஆராய்ந்திருக்கிறார்கள். 1996-ல் ரெடல்மையர், ட்வெர்ஸ்கி என்ற இருவர், 18 நோயாளிகளின் வலியையும் அவர்கள் ஊர் வானிலையையும் 15 மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சம்பந்தம் ஒன்றும் காணோம், மனிதர்கள் தாமாகக் கற்பித்துக்கொள்வதுதான் என்பது அவர்கள் முடிவு. 2019-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பார்த்துவிட்டு, காற்றின் ஈரத்துக்கும் வலிக்கும் சிறு தொடர்பு இருக்கிறது என்றார்கள். இரண்டையும் படித்துக் காட்டினால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள், "இதுக்குப் படிப்பு வேற வேணுமாக்கும்!" என்பார்கள்.

வலிக்கு இங்கே செய்யும் வைத்தியம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். கல் உப்பையோ தவிட்டையோ சட்டியில் வறுத்து, பழந்துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார்கள். நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரைப் பொறுக்கும் சூட்டில் ஊற்றுவார்கள். விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். வேலியில் படர்ந்திருக்கும் முடக்கத்தானைப் பறித்து வந்து தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பார்கள். முடக்கை அறுப்பது என்று அந்தக் கொடியின் பேரிலேயே நம்பிக்கையை வைத்திருக்கிறார்கள். ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. கீல்வாயு என்று வைத்தியர்கள் சொல்கிறார்களே, அந்தக் கீலும் கதவுக் கீலும் ஒரே சொல்தான். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டால் கிரீச்சிடுவது நின்றுவிடும். முழங்காலில் தடவும் எண்ணெயோ மூட்டுக்குள் போய்ச் சேருவதில்லை. சூடும் கையும் தசையை இளக்குகின்றன, வலி மந்தமாகிறது. மூட்டின் முனையில் இருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு அழுந்தியும் விட்டும் அசையும்போது, உள்ளே இருக்கும் நீர் அதில் ஊறி வெளிவந்தால்தான் அதற்கு ஆகாரம். அதற்கு நடக்க வேண்டும். ஒத்தடத்தின் பெரிய உபகாரம், வலிக்காரரை எழுந்து நடக்கவைப்பதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தேய்ந்த மூட்டில் காலைப் பிடிப்பு பெரும்பாலும் அரைமணிக்குள் விட்டுவிடும். ஒரு மணிக்கு மேலும் விடவில்லை, இரண்டு கை விரல் கணுக்களும் வீங்கியிருக்கின்றன என்றால் அது வேறு ஜாதி நோயாக இருக்கலாம். உடம்பே தன் மூட்டுகளைப் பகையாக எண்ணித் தாக்குகிற நோய் அது. அதை ஒத்தடம் கொடுத்து மறைத்துக்கொண்டிருந்தால் மூட்டே அழிந்துபோகும். சீக்கிரம் டாக்டரிடம் போக வேண்டும். அங்கே சுகம் தேடுவதே பாவமாக முடியக்கூடும்.

நான் பேச வந்தது தேய்ந்த மூட்டைப் பற்றி. அது மறுபடி வளருவதில்லை. அதற்குச் செய்யும் எந்த உபசாரமும் அன்றன்றைக்குத்தான்.

எங்கள் காட்டுக்கு இரண்டு காடு தள்ளி ஒரு சாளையில் தனியாக இருக்கும் ஆத்தா ஒருவர் உண்டு. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மின்சாரத்தில் சூடேறும் பட்டை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறான்; அது உறை பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. உப்பாவது வறுத்து ஒத்திக்கொள்ளலாமே என்று ஒருநாள் சொன்னேன். "நாளைக்கும் வலிக்கத்தான் போவுது கண்ணு. ஒருத்திக்கோசரம் அடுப்பு மூட்டி என்ன ஆவப்போவுது?" என்றார்.

இது சட்டென்று தள்ளிவிடக் கூடிய கேள்வி அல்ல. நிலைக்காத சுகத்துக்காகப் பாடுபடுவது அர்த்தமுள்ள காரியமா? நம் ஞானிகளில் பாதிப்பேர் இதைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். ஆனால், அந்த ஆத்தா விடியுமுன்பே எருமைக்குத் தண்ணீர் காட்டுகிறார். பால் கறக்கிறார். வாசல் கூட்டிச் சாணி தெளிக்கிறார். நாளைக்கும் எருமைக்குத் தாகம் எடுக்கும், நாளைக்கும் வாசல் குப்பையாகும். அதற்காக அவர் விளக்குமாற்றைக் கீழே போட்டதில்லை. நிலையாமை என்பது அவருக்கு எருமை விஷயத்தில் ஒரு தடையாக இல்லை. தம் முழங்கால் விஷயத்தில் மட்டும் தத்துவமாகிவிடுகிறது. தினமும் பார்த்துக்கொள்ள வேண்டியவற்றின் கணக்கில் அவர் தம்மைச் சேர்க்கவே இல்லை. ஐம்பது வருஷம் எல்லாரும் உண்டபின் கடைசியாக உண்டவருக்கு அந்தக் கணக்கு எப்படிப் படிந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

பொறுமையை நாம் புகழுகிறோம். கால் ஊனமுற்ற கிரேக்க ஞானி எபிக்டெட்டஸ், உடம்பு நம் வசத்தில் இல்லை, மனம்தான் நம் வசம் என்று போதித்தவர். பெரிய வார்த்தை, சந்தேகமில்லை. ஆனால் பக்கத்தில் இருக்கும் வெந்நீரை ஊற்றிக்கொள்ளாதே என்று அவர் சொன்னதாகத் தெரியவில்லை. மாற்ற முடியாததைப் பொறுப்பது பொறுமை. வறுத்த உப்புக்கு இளகுகிற வலியைப் பொறுப்பதற்கு என்ன பேர் வைப்பது? "எங்கம்மா வலின்னு வாயே திறக்க மாட்டாங்க" என்று ஒரு மகன் பெருமையாகச் சொல்லும்போது, அந்த மௌனத்தால் யாருக்கு வேலை மிச்சமாகிறது என்றும் யோசித்துப் பார்க்கலாம்.

மகன்களுக்கும் ஒரு தத்துவம் இருக்கிறது. எதையும் ஒரேயடியாகத் தீர்த்துவிட வேண்டும் என்பது அது. செலவானாலும் ஆகட்டும், ஆஸ்பத்திரியில் சேர்த்து முடித்துவிடலாம் என்பார்கள். முற்றிலும் தேய்ந்த மூட்டை மாற்றிவைக்கும் சிகிச்சையால் எழுந்து நடக்கிறவர்கள் கோயம்புத்தூரில் எத்தனையோ பேர். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கத்தி என்றாலே தீர்வு என்ற நம்பிக்கையை அசைத்த சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், தேய்ந்த முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவையைச் சோதித்தார்கள். 180 பேர், அவர்கள் சம்மதத்துடன். ஒரு பகுதியாருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டு, அறுவை நடந்ததுபோல் பாவனை செய்தார்கள். யாருக்கு எது நடந்தது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கவனித்துவிட்டு 2002-ல் முடிவை வெளியிட்டபோது, நிஜ அறுவைக்கும் பாவனைக்கும் வித்தியாசம் இல்லை.

இப்போது தேய்ந்த முழங்காலுக்கு டாக்டர்கள் முதலில் சொல்வது உடற்பயிற்சி. 2013-ல் டென்மார்க்கில் இதற்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார்கள். நோயைப் பற்றி எடுத்துச் சொல்லி, ஆறு வாரத்தில் 12 தடவை பக்கத்தில் நின்று பயிற்சி கொடுப்பார்கள். நாற்காலியிலிருந்து எழுவது, உட்காருவது, படி ஏறுவது போன்ற காரியங்கள்தான். எழுந்து உட்காருவதற்கா வாத்தியார் என்று தோன்றலாம். வலிக்கிற காலை நம்பி ஊன்றலாம் என்ற தைரியத்தை இன்னொருவர்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதுவும் ஆறு வாரத்தோடு விட்டுவிட்டால் பலன் தங்காது. கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையில் இந்தத் தொல்லை இல்லை. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது பிற்பாடு கேட்கும்.

நம் அரசாங்கமும் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியபோது, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொண்டுபோய்க் கொடுப்பதோடு, வீட்டுக்கே போய் பிசியோதெரபி செய்வதையும் சேர்த்தது. நல்ல காரியம். கால் வராதவரிடம் 'ஆஸ்பத்திரிக்கு வா' என்பதில் உள்ள வேடிக்கையை யாரோ கவனித்திருக்கிறார்கள். ஆனால் வந்தவர் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டுமல்லவா? மறுநாள் காலைப் பனியில் அடுப்பு மூட்டுவது வீட்டார் வேலை. சாளையில் வீட்டார் இல்லை.

மகன்மேல் பழி போடுவது சுலபம். வேலை அங்கே, காடு இங்கே. அவன் என்ன செய்வான்? ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறான். முருங்கைக்காய் விலை, எருமையின் சினை எல்லாம் விசாரித்துவிட்டு, "முட்டி எப்படீம்மா இருக்குது?" என்கிறான். "இருக்குது சாமி" என்கிறார் ஆத்தா. பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. "இன்னிக்கு உப்பு வறுத்தியா? கட்டுத்தறி வரைக்கும் நடந்தியா?" என்று கேட்டால் அப்படி ஒரு வார்த்தையில் முடிக்க முடியாது. அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேட்டுப் பிரயோசனமில்லை, தினமும் கேட்க வேண்டும். முதல் வாரம் ஆத்தாவுக்கு எரிச்சல்தான் வரும்.