பொருள்களின் வாக்கும் மனிதரின் பொறுப்பும்

வாக்குக் கொடுத்தல் மனித உறவுகளுள் மிகத் தொன்மையானது. ஆயினும் அதன் இயல்பு பற்றி மெய்யியலாளர் ஒருமித்த முடிவுக்கு வந்தாரல்லர். வாக்குறுதி இயற்கையில் இல்லாதது, சமூக வாழ்வின் தேவை கருதி மனிதர் வகுத்துக்கொண்ட வழக்காறே என்றார் டேவிட் ஹியூம். நிறைவேற்றும் எண்ணமின்றி வாக்களிப்பவன் வாக்குறுதி என்பதன் பொருளையே அழிக்கின்றான் என 1785 இல் வெளிவந்த தமது நூலில் இம்மானுவேல் கான்ற் வாதித்தார். சொல்பவன் ஒருவன், கேட்பவன் ஒருவன் என்ற எளிய நிலைமையே இவ்வாதங்களின் பின்னணி. சொல்பவர் பலராகி, அவர்களுள் எவரும் பொய்யுரையாதிருக்க, வாக்கு மட்டும் பொய்த்துப்போகும் நிலைமையொன்றை இன்றைய தொழினுட்பம் தோற்றுவித்துள்ளது. அதுவே ஈண்டு ஆராயத்தக்கது.

பொருள்களின் இணையம் எனப்படும் ஏற்பாட்டில் நீர்மானி, வாயுமானி போன்ற கருவிகள் மனிதர் தலையீடின்றித் தம் அளவீடுகளைத் தாமே அனுப்புகின்றன. இவற்றினுள் பொருத்தப்படுவது அஞ்சல் முத்திரை அளவான தொடர்பாடற் கூறு ஒன்று. கையடக்கத் தொலைபேசிக்குரிய கோபுரங்களையே இதுவும் பயன்படுத்துகின்றது. ஆனால் தொலைபேசிக்கு நாளாந்தம் மின்னேற்றலாம். நிலத்தடிக் குழியிலுள்ள நீர்மானிக்கு அது இயலாது. இக்குறையை நிவர்த்தி செய்யும்பொருட்டு, 3ஜீபீபீ என்னும் தர நிர்ணய அமைப்பு 2016 இல் என்.பி.-ஐ.ஓ.ரி., எல்.ரி.ஈ.-எம் ஆகிய முறைகளை வகுத்தது. முன்னையது 180 கிலோ ஹேர்ட்ஸ் அகலமே கொண்ட ஒடுங்கிய அலைப்பட்டையில் இயங்குவது. சுவரையும் மண்ணையும் ஊடுருவுதற்காக ஒரே செய்தியைப் பன்முறை திருப்பிச் சொல்வது. 5 வாற்று மணி கொள்ளளவுள்ள மின்கலத்தைக் கொண்டு பத்தாண்டு இயங்கவேண்டும் என்பதே வடிவமைப்பாளரின் இலக்காக இருந்தது.

இவ்விலக்கினை அடையும் வழி வியப்புக்குரியது. கூறு தன் வாழ்நாளின் பெரும்பகுதியை உறக்கத்திற் கழிக்கின்றது. அவ்வுறக்கத்தின்போது வலையமைப்பு அதன் பதிவை நீக்குவதில்லை. எனினும் அதனை அழைக்கவும் இயலாது. குறித்த வேளையில் அது தானே விழித்து, சில எண்களைச் சொல்லி, சிறிது நேரம் செவிசாய்த்து, மீண்டும் உறங்கிவிடும். (அலுவலகங்களிலும் இத்தகையோர் உளர் என்பது வேறு விடயம்.)

ஆயின் பத்தாண்டு என்ற சொல் மின்கலத்தைப் பற்றியதேயன்றி வலையமைப்பைப் பற்றியதன்று. யப்பானில் என்.ரி.ரி. டொகோமோ நிறுவனம் 2019 ஏப்ரலில் என்.பி.-ஐ.ஓ.ரி. சேவையைத் தொடங்கி, 2020 மார்ச் முடிவில் அதனை நிறுத்திக்கொண்டது. பத்தாண்டுக்கென வகுக்கப்பட்ட முறைக்கு அங்கு வாய்த்தது ஓராண்டே. ஐக்கிய அமெரிக்காவில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் 2022 பெப்ரவரியில் தனது மூன்றாந் தலைமுறை வலையமைப்பை மூடியது. அது குறைவலுக் கூறுகளுக்கென அமைந்த வலையமைப்பு அன்றாயினும், பிரச்சினையின் தன்மையை அந்நிகழ்ச்சி தெளிவாகக் காட்டுகின்றது. வீட்டு எச்சரிக்கைக் கருவிகள் பலவும், தனித்து வாழும் முதியோர் ஆபத்துவேளையில் அழுத்தும் கருவிகள் பலவும் அவ்வலையமைப்பையே நம்பியிருந்தன. எச்சரிக்கைக் கருவித் துறையினர் காலநீடிப்புக் கோரிக் கூட்டாட்சித் தொடர்பாடல் ஆணைக்குழுவிடம் முறையிட்டனர், மூடல் தள்ளிப்போகவில்லை.

இங்கு வாக்குத் தவறியவர் யார்? மின்கலம் நீடித்து நிற்கும் என்றார் கூறினை உற்பத்தி செய்தவர், அது மெய்யே. வலையமைப்பின் உரிமையாளர் முன்னறிவித்தல் கொடுத்தார். தனித்து வாழும் மூதாட்டிக்கு அவர் எதனையும் வாக்களித்தவரல்லர். கருவியை விற்றவர் இவ்விருவரையும் நம்பினார். பொத்தானை அழுத்தினால் எவரேனும் கேட்பர் என மூதாட்டி நம்பினாள். கான்ற்றின் உரைகல்லில் இவர்களுள் எவரையும் பொய்யரெனக் காட்டுதல் அரிது.

அலைவரிசை வரையறுக்கப்பட்ட பொதுச்செல்வம். சில கருவிகளுக்காகப் பழைய வலையமைப்பை என்றும் பேணுவது பலருக்குரிய பங்கை முடக்குவதாகும் என்பர். இவ்வாதம் வலுவற்றதன்று. ஆனால் அது மூடுவதற்கான நியாயமாகுமேயன்றி, மூடுதலின் செலவை மூதாட்டி சுமக்கவேண்டும் என்பதற்கு நியாயமாகாது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இவ்விடயத்தில் நேரும் பெருந்தவறு. பொறுப்பினை எண்ணத்தின் தூய்மை கொண்டு மட்டும் அளத்தல் இங்கு போதாது. பிறருடைய நம்பிக்கையால் இலாபமடைந்தவர் எவர் என்றும் நோக்கவேண்டும். பத்தாண்டு என்ற சொல்லால் எவருடைய விற்பனை பெருகிற்றோ, அவர் அக்காலம் முடியுமுன் வலையமைப்பு மறையுமாயின் மாற்றுக் கருவியைத் தம் செலவிற் பொருத்தக் கடமைப்பட்டவராவர்.

அன்றியும், ஹியூம் கருதியவாறு வாக்குறுதி மனிதர் வகுத்த வழக்காறாயின், புதிய நிலைமைக்கேற்ப அதனைத் திருத்தி வகுத்தலும் மனிதர்க்கு இயல்வதே. மருந்துப் புட்டியிற் காலாவதித் திகதி அச்சிடப்படுகின்றது. வலையமைப்பு எத்திகதி வரை உறுதிசெய்யப்பட்டுள்ளது என்பதைக் கருவியின்மேல் அச்சிடுவதில் என்ன தடை? உறுதியில்லையெனின் அதனையாவது அச்சிடலாம். இவ்வறிவித்தல் மனிதர்க்கே செய்யப்படவேண்டும். ஏனெனிற் கோபுரம் மூடப்படும் வேளையில் உறங்கிக்கொண்டிருக்கும் கூறுக்கு அதனைத் தெரிவிக்க வழியில்லை. குறித்த நேரத்தில் அது விழித்துக் கோபுரத்தைத் தேடும். காணாது மீண்டுந் தேடும். மின்சாரத்தை மிகுதியாக உண்ணும் வேலைகளுள் இத்தேடலும் ஒன்றாதலின், நெடுங்காலத்துக்கெனச் சேமித்து வைக்கப்பட்ட மின்கலம் அதிலேயே விரைந்து தீர்ந்துபோகலாம்.